கிரீஸ் முறையில் நைட்ரிக் ஆக்சைடு: எந்த மாதிரிக்கு எந்த வழி?

செல்கள் சுரக்கும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடை அளக்க எந்தக் கிட் வாங்கலாம் என்று ஆராய்ச்சி மாணவர்கள் கேட்டால், குழாயில் இருப்பது என்ன என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். செல் வளர்ந்த மீடியமா, பிளாஸ்மாவா, சிறுநீரா, மூலிகைச் சாறு கலந்த கரைசலா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். விலைப்பட்டியலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் ஒன்று உண்டு. நிறம் எழுவதை வைத்து அளக்கும் கிரீஸ் முறை நைட்ரிக் ஆக்சைடை நேரடியாக அளப்பதில்லை. உடலுக்குள் அந்த வாயுவின் ஆயுள் சில விநாடிகள்தான். இரத்தத்தில் அதைவிடவும் குறைவு. நாம் பிடிப்பது அது போன பிறகு எஞ்சும் நைட்ரைட்டை. காற்றுள்ள நீரில், புரதமும் இரும்பும் குறைவாக இருக்கும் இடத்தில், நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஏறக்குறைய முழுவதும் நைட்ரைட்டாகிறது. ஹீமோகுளோபின் இருக்கும் இடத்தில் கதை வேறு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அதை நேராக நைட்ரேட்டாக்கிவிடும். ஏற்கெனவே உருவான நைட்ரைட்டையும் சில நிமிடங்களில் நைட்ரேட்டாக மாற்றத் தொடங்கிவிடும். ஆகவே செல் மீடியத்தில் நைட்ரைட்டை அளந்தால் போதும். பிளாஸ்மாவிலும் சிறுநீரிலும் நைட்ரேட்டையும் சேர்த்து அளக்காவிட்டால் பெரும்பகுதி கணக்கில் வராது.

வினை பழையது. பின்னாளில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஆல்சாப் பீர் ஆலையில் வேதியியலாளராகப் பணியாற்றிய ஜெர்மானியர் பீட்டர் கிரீஸ், 1858இல் டையசோ சேர்மங்களை விவரித்தார். நைட்ரைட்டைக் கண்டறியும் சோதனையாக அதை 1879இல் வெளியிட்டார். அவர் கையாண்ட நாஃப்தைலமீனுக்குப் பதிலாக இன்று நாம் என்.இ.டி. என்று சுருக்கி அழைக்கும் நாஃப்தைல் எத்திலீன்டையமீனைப் பயன்படுத்துகிறோம். 1939இல் பிராட்டனும் மார்ஷலும் இரத்தத்திலுள்ள சல்ஃபா மருந்துகளை அளக்கக் கொண்டுவந்த பொருள் அது. அமிலத்தில் நைட்ரைட் நைட்ரஸ் அமிலமாகிறது. அது சல்ஃபனிலமைடோடு சேர்ந்து டையசோனியம் உப்பைத் தருகிறது. அந்த உப்பு என்.இ.டி.யோடு இணைந்து ஊதா கலந்த சிவப்புச் சாயமாகிறது. அந்த நிறத்தை 540 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகில் படிக்கிறோம். சிறுநீர்த் தொற்றைப் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்பாகும் நைட்ரைட் கட்டத்திலும் நடப்பது இதே வினைதான்.

செல் மீடியம்: வீட்டுத் தயாரிப்பே போதும்

ரா 264.7 மேக்ரோஃபேஜ் செல்களுக்கு எல்.பி.எஸ். என்ற பாக்டீரியத் தூண்டுபொருளைக் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து மேல்நீரை எடுத்து நைட்ரைட் பார்ப்பது நம் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் நடக்கும் சோதனை. இதற்குக் கிட் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 5 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தில் 1 விழுக்காடு சல்ஃபனிலமைடு ஒரு புட்டி, தண்ணீரில் 0.1 விழுக்காடு என்.இ.டி. இன்னொரு புட்டி. ஒரு கிராம் சல்ஃபனிலமைடு 100 மில்லிலிட்டர் கரைசலாகும். குழிக்கு 50 மைக்ரோலிட்டர் என்றால் அது 2,000 குழிக்கு வரும், அதாவது 96 குழிப் பிளேட் 20க்கு மேல். அதே எண்ணிக்கைக்கு என்.இ.டி. 100 மில்லிகிராம் போதும். 25 கிராம் சல்ஃபனிலமைடு புட்டி ஒன்று வாங்கினால் ஒரு மாணவரின் முழு ஆராய்ச்சிக் காலத்துக்கும் தீராது. பாஸ்பாரிக் அமிலத்தை 85 விழுக்காட்டுப் புட்டியிலிருந்து 100 மில்லிக்கு 3.5 மில்லி எடுத்தால் கணக்குச் சரியாக வரும். சல்ஃபனிலமைடு வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது, அமிலத்தில் கரையும். என்.இ.டி. புட்டியை அலுமினியத் தாள் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பழுப்பு நிறம் ஏறினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

இரண்டையும் முன்கூட்டியே கலந்து ஒரே கரைசலாக ஊற்றுவதா, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பதா? ஒரே கரைசல் கைக்கு எளிது. நிறையப் பிளேட் ஓடும் நாளில் நேரம் மிச்சம். ஆனால் சல்ஃபனிலமைடுக்குப் போக வேண்டிய நைட்ரஸ் அமிலத்தில் ஒரு பங்கை அருகிலேயே இருக்கும் என்.இ.டி. வினைபுரிந்து எடுத்துக்கொள்ளும். முதலில் சல்ஃபனிலமைடைச் சேர்த்து, இருட்டில் 5 முதல் 10 நிமிடம் விட்டு, பிறகு என்.இ.டி. சேர்த்து மீண்டும் அதே அளவு காத்திருந்தால் இந்தப் போட்டி இருக்காது. எல்.பி.எஸ். கொடுத்த செல்கள் பத்துகளில் மைக்ரோமோலார் நைட்ரைட் தரும்போது இரண்டுமே சரி. இரத்தக்குழாயின் உட்சுவரிலுள்ள எண்டோதீலியல் செல்கள்போல மிகக் குறைவாகச் சுரக்கும் செல்களில் இரண்டு படி முறையைத்தான் நான் சொல்வேன். அங்கேயும் நிறம் எழவில்லை என்றால் பிரச்சினை கரைசலில் இல்லை, முறையின் எல்லையில் இருக்கிறது.

அந்த எல்லையைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். சாயத்தின் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 50,000. மாதிரி 50, சல்ஃபனிலமைடு 50, என்.இ.டி. 50 மைக்ரோலிட்டர் என்று போட்டால் மாதிரி மூன்றில் ஒரு பங்காக நீர்த்துப்போகிறது. 150 மைக்ரோலிட்டருக்கு 96 குழிப் பிளேட்டில் ஒளி கடக்கும் ஆழம் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 50 மைக்ரோமோலார் நைட்ரைட்டுக்கு ஒளி உறிஞ்சளவு 0.4 அருகில் வரும். 1 மைக்ரோமோலாருக்கு 0.008தான். குழிக்குக் குழி வரும் சாதாரண ஏற்ற இறக்கமே பல பிளேட் ரீடர்களில் அந்த அளவு இருக்கும். இப்போது மாதிரியை 100 ஆக்கி, மற்றவற்றை 50, 50 என்றே வையுங்கள். நீர்ப்பு இரண்டில் ஒன்றாகிறது, ஆழமும் கூடுகிறது. அதே 1 மைக்ரோமோலாருக்கு ஏறக்குறைய 0.016 கிடைக்கும். காசு செலவில்லாமல் உணர்திறன் இரு மடங்காகிவிடுகிறது. விலை கூடிய கிட்டுக்கு மாறுவதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள்.

செல் வளர்க்கும் டி.எம்.இ.எம். மீடியத்தில் லிட்டருக்கு 3.7 கிராம் சோடியம் பைகார்பனேட் இருக்கிறது. அமிலம் பட்டவுடன் அது நுரைத்துக் கரியமில வாயுக் குமிழ்கள் குழியின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு குழி மட்டும் வினோதமாக உயர்ந்து தெரிந்தால் முதலில் குமிழைத் தேடுங்கள். பிளேட்டை லேசாகத் தட்டலாம், ஊசி முனையால் குத்தலாம். வசதியிருந்தால் சில நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் போடலாம். ஒப்பிட வைக்கும் தெரிந்த அளவுக் கரைசலான ஸ்டாண்டர்டை வெறும் தண்ணீரில் செய்யாமல், செல் வளர்த்த அதே மீடியத்தில், அதே அளவு சீரம் சேர்த்துச் செய்ய வேண்டும். மீடியத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட் அமிலத்தில் மஞ்சளாகிவிடுவதால் 540இல் பெரிதாகத் தலையிடாது. இருந்தாலும் ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் கிடைத்தால் அதுவே மேல்.

மீடியம் தேர்வில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆர்.பி.எம்.ஐ. 1640 மீடியத்தின் உட்பொருள் பட்டியலில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட் உண்டு. கணக்குப் போட்டால் அது 850 மைக்ரோமோலார் நைட்ரேட். நைட்ரைட்டை மட்டும் அளந்தால் இதனால் தொல்லையில்லை. ஆனால் ‘மொத்த நைட்ரிக் ஆக்சைடு’ கிட் வாங்கி, நைட்ரேட்டை நைட்ரைட்டாக ஒடுக்கும் படியையும் சேர்த்துவிட்டால், செல் சுரந்த 20, 30 மைக்ரோமோலார் அந்த 850க்குள் மூழ்கிப்போகும். டி.எம்.இ.எம்.இல் ஃபெரிக் நைட்ரேட் இருந்தாலும் அது 1 மைக்ரோமோலாருக்கும் குறைவு. செல் மீடியத்தில் நைட்ரேட்டும் பார்த்தே ஆக வேண்டும் என்றால், செல் வளர்க்கத் தொடங்கும் முன்பே டி.எம்.இ.எம்.க்கு மாறிவிடுவதுதான் வழி.

நைட்ரேட்டை ஒடுக்க மூன்று வழி

பிளாஸ்மா, சீரம், சிறுநீர் என்று வந்துவிட்டால் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக ஒடுக்க வேண்டும். இதற்குக் காட்மியம், நைட்ரேட் ரிடக்டேஸ் நொதி, வனேடியம் குளோரைடு என மூன்று வழிகள் உண்டு.

காட்மியத்தை விரைவாகக் கடந்துவிடலாம். தாமிரம் பூசிய காட்மியத் துகள் நன்றாகவே ஒடுக்கும். அதற்கென்றே காட்மியக் குழல் வைத்த, பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிகளும் இருக்கின்றன. ஆனால் காட்மியம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட உலோகம். கழிவைத் தனியாகச் சேர்த்துவைத்து முறையாக அப்புறப்படுத்தும் ஏற்பாடு இல்லாத கல்லூரி ஆய்வகத்தில், மாணவர்கள் கையால் அள்ளிப் போடும் பொருளாக அது இருக்கக் கூடாது. மற்ற இரண்டும் கிடைக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நொதி வழி மென்மையானது. நடுநிலை பி.எச்.இல் நடக்கும், நைட்ரேட்டை மட்டும் தொடும், நைட்ரைட்டில் வந்து நின்றுவிடும். பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதிக்கு என்.ஏ.டி.பி.எச். என்ற துணைநொதி வேண்டும், தாவர வகை நொதிகள் என்.ஏ.டி.எச்.இல் ஓடும். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. மிச்சமாகும் துணைநொதி கிரீஸ் நிறத்தைக் குறைத்துக் காட்டும். இதைச் சமாளிக்க இரண்டு உத்திகள் உண்டு. ஒன்று, என்.ஏ.டி.பி.எச்.ஐ மிகக் குறைவாகப் போட்டு, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் நொதியால் அதையே மீண்டும் மீண்டும் புதுப்பிப்பது. மற்றொன்று, ஒடுக்கம் முடிந்ததும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸும் பைருவேட்டும் சேர்த்து மிச்சத்தைத் தீர்த்துக்கட்டுவது. வாங்கப்போகும் கிட்டின் கையேட்டில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒரே அளவு துணைநொதியைச் சந்திக்கின்றனவா என்றாவது உறுதிசெய்யுங்கள்.

நொதியின் இன்னொரு பலவீனம் வெப்பம். மே மாதத்தில் ஐஸ் முழுவதும் உருகிய பெட்டி கூரியரில் வந்து சேர்ந்தால், நொதி உயிரோடு இருக்கிறதா என்பது பிளேட்டைப் படித்த பிறகே தெரியும். பெட்டியைப் பிரித்த அன்றே நைட்ரேட் ஸ்டாண்டர்டு ஒன்றையும் நைட்ரைட் ஸ்டாண்டர்டு ஒன்றையும் அருகருகே ஓட்டிப் பாருங்கள். இரண்டின் கோடும் ஒரே சாய்வில் வந்தால் ஒடுக்கம் முழுமை. நைட்ரேட் கோடு தாழ்ந்திருந்தால் மாதிரிகளைத் தொடவே வேண்டாம்.

வனேடியம் குளோரைடு வழியை மிராண்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் பிளேட்டுக்கு ஏற்றவாறு எளிமையாக்கி வெளியிட்டார்கள். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மில்லிக்கு 8 மில்லிகிராம். அதாவது 50 மில்லிக்கு 400 மில்லிகிராம். மாதிரி 100, வனேடியம் 100, உடனே கிரீஸ் கரைசல்கள் 50, 50. 37 பாகையில் அரை மணி முதல் முக்கால் மணி வரை. இங்கே ‘உடனே’ என்பதற்குக் காரணம் உண்டு. வனேடியம் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குவதோடு நிற்காது, நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடு வரை தள்ளப் பார்க்கும். சல்ஃபனிலமைடு பக்கத்திலேயே காத்திருந்து நைட்ரைட் பிறந்த கணமே பிடித்துக்கொண்டால்தான் கணக்குத் தப்பாது. ஆகவே செல் மீடியத்துக்குச் சொன்ன நிதானமான இரண்டு படி முறை இங்கே பொருந்தாது.

வனேடியம் பொடி ஈரக்காற்றில் அமிலப் புகை விடும். மழைநாளில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எடை போடாதீர்கள். புகைக்கூண்டுக்குள் வேகமாக எடுத்து, கரைத்து, வடிகட்டி, இருட்டில் குளிரில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கரைசலுக்கே நிறம் உண்டு, நேரம் போகப் போக அது மாறவும் செய்யும். அதனால் என்.இ.டி. சேர்க்காத பிளாங்க், அதாவது கழித்துக்கொள்வதற்கான குழி, ஒவ்வொரு பிளேட்டிலும் கட்டாயம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் நைட்ரேட் பார்க்க வேண்டிய பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்களுக்கு நான் வனேடியத்தைத்தான் சொல்கிறேன். குளிர்ச்சங்கிலி வேண்டாம், துணைநொதித் தொல்லை இல்லை, ஒரு சிறு புட்டி பல நூறு மாதிரிக்கு வரும், அரை மணியில் முடிகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தயங்குவேன். எல்-நேம் போன்ற நைட்ரோ தொகுதி கொண்ட நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தித் தடுப்பானைக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் கொடுத்திருந்தால், வனேடியம் அந்த நைட்ரோ தொகுதியையும் விடாது. நைட்ரிக் ஆக்சைடு குறைந்திருக்க வேண்டிய குழுவில் நிறம் ஏறி நிற்கும். அப்படிப்பட்ட சோதனையில் எல்-என்.எம்.எம்.ஏ. அல்லது 1400டபிள்யூ தடுப்பானுக்கு மாறுங்கள். நைட்ரிக் ஆக்சைடு கந்தகத்தோடு ஒட்டிய எஸ்-நைட்ரோசோதயோல்களும் வனேடியத்தில் கொஞ்சம் கணக்கில் ஏறும். பிளாஸ்மாவில் நைட்ரேட்டின் அளவோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

புரதத்தை நீக்குவது

செல் மேல்நீரில் சீரம் 10 விழுக்காடுதான் என்பதால் பெரும்பாலும் அப்படியே போடலாம். பிளாஸ்மாவை அப்படியே அமிலத்தில் விட்டால் கலங்கல் வந்து 540இல் பொய்யான உயர்வு காட்டும். புரதத்தை நீக்கியே ஆக வேண்டும்.

டிரைகுளோரோஅசிட்டிக் அமிலமும் (டி.சி.ஏ.) பெர்குளோரிக் அமிலமும் வேண்டவே வேண்டாம். கிரீஸ் கரைசல் சேருமுன்பே அமிலம் பட்டால் நைட்ரைட் நைட்ரஸ் அமிலமாகி, பிடிக்க யாரும் இல்லாமல் வாயுவாகப் பறந்துவிடும். துத்தநாக சல்பேட் மலிவானது: 30 விழுக்காட்டுக் கரைசலை மாதிரியின் 20இல் ஒரு பங்கு சேர்த்தால் இறுதி அளவு மில்லிக்கு 15 மில்லிகிராம் ஆகும், சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் தெளிவான மேல்நீர் கிடைக்கும். குளிர்ந்த மெத்தனால் வனேடியத்தோடு நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் மாதிரி நீர்த்துப்போகும். ஸ்டாண்டர்டிலும் அதே அளவு மெத்தனால் இருக்க வேண்டும். பெரிய புரதங்களைத் தடுத்து நிறுத்தும் 10 கிலோடால்டன் வடிப்பான் எல்லாவற்றிலும் சுத்தமான திரவம் தரும், விலையும் அதிகம். புது வடிப்பானின் சவ்வில் நைட்ரைட்டும் நைட்ரேட்டும் ஒட்டியிருப்பது பலரும் கண்ட ஒன்று. சுத்தமான தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று தடவை சுற்றிக் கழுவிவிட்டு, கழுவிய தண்ணீரையும் பிளாங்காகப் படியுங்கள்.

இரத்தம் எடுக்கும்போது ஹெப்பாரின் குழாயைத் தவிர்த்து இ.டி.டி.ஏ. குழாயில் எடுங்கள். ஹெப்பாரின் கிரீஸ் அமிலத்தில் படிவு உண்டாக்கும். சிவப்பணு உடைந்து சிவந்திருக்கும் பிளாஸ்மாவை ஒதுக்கிவிடுவதே நல்லது. ஹீமோகுளோபின் உறிஞ்சும் இடமும் 540 அருகில்தான்.

எங்கிருந்தோ வரும் நைட்ரேட்

முறை எதுவானாலும் முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து நுழையும் நைட்ரேட். இந்தியக் குடிநீர்த் தரநிலையில் நைட்ரேட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதை மைக்ரோமோலாரில் எழுதினால் 725. மனித பிளாஸ்மாவில் நைட்ரேட் 20 முதல் 50 மைக்ரோமோலார்தான். குடிக்கத் தகுதியான போர் தண்ணீரில் கழுவிய கண்ணாடிக் குடுவையின் அடியில் ஒரு துளி காய்ந்து ஒட்டியிருந்தாலே மாதிரியின் கணக்குத் தப்பிவிடும். கண்ணாடியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கும் வழக்கமுள்ள ஆய்வகங்களும் இருக்கின்றன. இந்தச் சோதனைக்கான குடுவைகளை அந்தத் தொட்டிக்கு அனுப்பவே கூடாது. புதிய பிளாஸ்டிக் குழாய், பவுடர் இல்லாத கையுறை, அன்றே எடுத்த டீஅயனைஸ்டு தண்ணீர் மூன்றும் இருந்தால் பிளாங்க் தாழ்ந்து நிற்கும்.

மனித மாதிரி எடுப்பவர்கள் உணவையும் பார்க்க வேண்டும். கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் மிக அதிகம். முதல்நாள் இரவு முளைக்கீரைக் கூட்டு சாப்பிட்டவரின் காலைப் பிளாஸ்மா, அவரது இரத்தக்குழாய் சுரந்ததோடு அந்தக் கீரையையும் சேர்த்துக் காட்டும். நைட்ரேட் இரத்தத்தில் பாதியாகக் குறைய 5 முதல் 8 மணி நேரம் பிடிக்கிறது. ஒரு நாளாவது கீரை, கிழங்கு, பதப்படுத்திய இறைச்சி தவிர்த்து, இரவு முழுக்கப் பட்டினியோடு காலையில் எடுத்தால்தான் இரண்டு குழுக்களை ஒப்பிட முடியும். சிறுநீர் என்றால் எடுத்தவுடன் உறையவைக்க வேண்டும். அறைவெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். சிறுநீரில் நைட்ரேட் பல நூறு மைக்ரோமோலாரில் இருப்பதால் நன்றாக நீர்த்துப் போட்டால் மற்றத் தலையீடுகளும் கூடவே குறையும்.

மூலிகைச் சாறு: இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்

நம் பக்கத்து மருந்தியல், தாவரவியல், உயிர்வேதியியல் துறைகளில் கிரீஸ் சோதனை அதிகம் நடப்பது மூலிகைச் சாறுகளோடு. சாறு நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது என்று அறிக்கை எழுதுகிறோம். அந்தக் குறைவு செல்லில் நடந்ததா, குழியில் நடந்ததா என்று பிரித்துப் பார்க்காத முடிவை நான் நம்புவதில்லை. இது பெரிய விஷயம். பல வருட உழைப்பும், நல்ல மூலிகை ஒன்றின் பெயரும் இந்த ஒரு பிளேட்டில் தங்கியிருக்கின்றன.

பாலிஃபீனால்களும் வைட்டமின் சியும் அமிலத்தில் நைட்ரஸ் அமிலத்தோடு நேராக வினைபுரியும். சல்ஃபனிலமைடுக்குப் போக வேண்டியதை இடையிலேயே தின்றுவிடும். சாறு சேர்த்த குழியில் நிறம் குறையும், ‘தடுப்பு விழுக்காடு’ உயரும், செல் மட்டும் முன்போலவே சுரந்துகொண்டிருக்கும். எதிர்த் திசையிலும் தவறு வரும். நாவல்பழத் தோல், செம்பருத்திப் பூ போன்றவற்றில் உள்ள ஆந்தோசயனின், அமிலத்தில் செக்கச் சிவந்து 520 நானோமீட்டர் அருகில் உறிஞ்சும். அது கிரீஸ் சாயத்தின் வாசலிலேயே நிற்பதற்குச் சமம்.

இதைப் பிரிக்கச் செலவு எதுவும் இல்லை. எல்.பி.எஸ். மட்டும் கொடுத்த செல்களின் மேல்நீரை எடுத்து, அதில் சாற்றைச் சோதனையில் இருந்த அதே அளவில் இப்போது சேர்த்து, கிரீஸ் போடுங்கள். செல் இங்கே விளையாட்டிலேயே இல்லை. நிறம் குறைந்தால் அது முழுக்கக் குழியின் வேதியியல். தெரிந்த அளவு நைட்ரைட்டைச் சாற்றோடு கலந்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். 10 மைக்ரோமோலார் சேர்த்தால் 9க்கும் 11க்கும் இடையில் திரும்பி வர வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். வரவில்லை என்றால் மாதிரியை நீர்த்துப் பார்க்கலாம். அதிலும் வராவிட்டால் அந்தச் சாற்றுக்குக் கிரீஸ் முறை ஒத்துவராது. நிறப் பிரச்சினைக்கு, அமிலமும் சல்ஃபனிலமைடும் உள்ள, என்.இ.டி.க்குப் பதில் தண்ணீர் விட்ட குழியை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாக வைத்துக் கழியுங்கள். அதே பிளேட்டின் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று எம்.டி.டி. சோதனையும் பார்க்க வேண்டும். செத்த செல்லும் நைட்ரைட் சுரக்காது.

செல் இல்லாமல் சோடியம் நைட்ரோபுரூசைடை வைத்துச் செய்யும் ‘நைட்ரிக் ஆக்சைடு துடைக்கும்’ சோதனையில் இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகிறது. நைட்ரோபுரூசைடு வெளிச்சத்தைப் பொறுத்து வாயுவை விடுகிறது. ஜன்னலோரக் குழாயும் அலமாரிக்குள் இருந்த குழாயும் ஒரே எண்ணைத் தராது; அடர்நிறச் சாறு வெளிச்சத்தையே மறைத்துவிடும், அதுவும் துடைப்பாகவே கணக்கில் ஏறும். இதற்கு மாற்று, நைட்ரிக் ஆக்சைடை விடும் நோனோயேட் வகைக் கொடையாளிகள். வெளிச்சம் தேவையில்லை, 37 பாகையில் பி.எச். 7.4இல் எவ்வளவு வேகத்தில் விடும் என்பதும் தெரிந்ததே. டி.இ.ஏ. நோனோயேட்டுக்கு அரை ஆயுள் 2 நிமிடம், ஸ்பெர்மின் நோனோயேட்டுக்கு 39 நிமிடம், டீட்டா நோனோயேட்டுக்கு 20 மணி நேரம். ஒன்றிரண்டு மணி நேரச் சோதனைக்கு ஸ்பெர்மின் வகை பொருத்தமாக இருக்கும். விலை நைட்ரோபுரூசைடைவிடப் பல மடங்கு. ஆகவே பல சாறுகளை முதற்கட்டமாகச் சலிக்க, எல்லாக் குழாயையும் ஒரே விளக்கின் கீழ் ஒரே தூரத்தில் வைத்து நைட்ரோபுரூசைடைப் பயன்படுத்தி, தேறிய ஒன்றிரண்டு சாறுகளை மட்டும் நோனோயேட்டில் உறுதிசெய்யலாம். கொடையாளியை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து ஐஸில் வைத்திருங்கள். பஃபரில் போட்ட கணத்திலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

கிரீஸைக் கைவிட வேண்டிய இடம்

பிளாஸ்மா நைட்ரைட்டை மட்டும் தனியாக அளந்து இரத்தக்குழாயின் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் காட்ட விரும்பினால், பிளேட்டில் கிரீஸ் உதவாது. அங்கே அளவு சில நூறு நானோமோலார், பெரும்பாலும் அதற்கும் கீழே. மேலே போட்ட கணக்கின்படி அது பிளேட் ரீடரின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இரத்தம் எடுத்த சில நிமிடங்களில் சிவப்பணுக்களைப் பிரிக்காவிட்டால் உள்ள நைட்ரைட்டும் நைட்ரேட்டாகிக்கொண்டே போகும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. 2,3-டையமினோநாஃப்தலீன் என்ற பொருளோடு நைட்ரைட்டைச் சேர்த்து, காரமாக்கி, ஒளிர்வு பிளேட் ரீடரில் படித்தால் பத்துகளில் நானோமோலார் வரை இறங்கலாம். எண்டோதீலியல் செல்களின் மேல்நீருக்கு இது நன்றாக வேலைசெய்கிறது; ஹீமோகுளோபின் தடயமும் ஃபீனால் ரெட்டும் ஒளிர்வை மங்கவைக்கும். பிளாஸ்மா நைட்ரைட்டுக்கு நைட்ரிக் ஆக்சைடை ஓசோனோடு சேர்த்து வரும் ஒளியை எண்ணும் வேதிஒளிர்வுக் கருவி அல்லது காட்மியக் குழல் கொண்ட எச்.பி.எல்.சி.தான் வேண்டும். நம் ஆய்வகத்தில் இரண்டும் இல்லாதபோது, கருவி உள்ள நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி, எந்தக் குழாயில் எடுப்பது, எவ்வளவு நேரத்தில் சுற்றுவது, எப்படி உறையவைத்து அனுப்புவது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்ட பிறகே முதல் நோயாளியிடம் இரத்தம் எடுக்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் வனேடியத்தில் நைட்ரைட்டும் நைட்ரேட்டும் சேர்ந்த மொத்தத்தை அளந்து, வரைபட அச்சிலும் அதையே எழுதுங்கள்: ‘பிளாஸ்மா நைட்ரைட் + நைட்ரேட், மைக்ரோமோலார்’, கீழே எத்தனை மணி நேரப் பட்டினி என்பதும், சேர்த்த நைட்ரேட்டில் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைத்தது என்பதும்.